செல்போன் செய்திக்கும் சான்று அட்டை கேளுங்கள்

(வானொலி விவசாய நிகழ்ச்சியில் வேளாண் விரிவாக்க அலுவலர் ஒருவர் நிகழ்த்திய உரை)



விதை வாங்கப் போனால் முதலில் எதைப் பார்க்கிறீர்கள்? மூட்டையின் வாயில் தைத்திருக்கிற அட்டையைத்தான். சான்று விதை என்றால் நீல அட்டை, ஆதார விதை என்றால் வெள்ளை அட்டை. அதிலே என்ன பயிர், என்ன ரகம், எந்தக் குவியல், எந்தத் தேதியில் பரிசோதனை செய்தது, எந்தத் தேதி வரை செல்லும் என்று எல்லாம் போட்டிருக்கும். நெல் விதைக்கு முளைப்புத்திறன் குறைந்தது 80 சதவீதம் இருக்க வேண்டும் என்பதும் உங்களுக்குத் தெரிந்ததே. அட்டை இல்லாத மூட்டையைக் கடைக்காரர் என்னதான் புகழ்ந்தாலும், "வேண்டாங்க, அட்டையோட இருக்கிறதைக் குடுங்க" என்று கேட்டு வாங்குகிறோம். சில பேர் அறுவடை முடிகிற வரைக்கும் அந்த அட்டையையும் பில்லையும் பெட்டியில் போட்டு வைத்திருப்பார்கள். நாளைக்கு முளைக்கவில்லை, கலப்பு இருக்கிறது என்றால் அதைக் காட்டித்தானே நியாயம் கேட்க முடியும்?

விதைக்கு இவ்வளவு விசாரிக்கிற நாம், விதைத்த பிறகு என்ன மருந்து அடிப்பது, எவ்வளவு உரம் போடுவது, எந்தத் தேதியில் அறுப்பது என்பதை இப்போது செல்போனைப் பார்த்துத்தான் முடிவு செய்கிறோம். வாட்ஸ்அப்பில் ஒரு படம் வருகிறது, யூடியூபில் ஒரு வீடியோ வருகிறது, பார்த்த கையோடு கடைக்குப் போய்விடுகிறோம். அந்தச் செய்தியைச் சொன்னவர் யார், எந்த ஊர்க்காரர், என்றைக்குச் சொன்னார், சொன்னபடி நடக்காவிட்டால் யாரிடம் போய்க் கேட்பது, இதற்கெல்லாம் அட்டை உண்டா? இன்றைக்கு இதைப் பற்றித்தான் உங்களோடு பேசலாம் என்று வந்திருக்கிறேன்.

செல்போனே கெடுதல் என்று சொல்ல நான் வரவில்லை. அதனால் நமக்குக் கிடைத்திருக்கிற நன்மை கொஞ்ச நஞ்சம் இல்லை. முன்பெல்லாம் ஒரு புழுவைக் காட்ட வேண்டுமானால் தீப்பெட்டியில் போட்டு, பஸ் ஏறி, அலுவலகம் வருவதற்குள் பாதி செத்துக் கிடக்கும். இப்போது வரப்பில் நின்றபடியே படம் எடுத்து அனுப்பிவிடுகிறீர்கள். கருவி நல்ல கருவிதான். அதில் வருகிற சரக்கைத்தான் பிரித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

போன சம்பாவில் எங்கள் வட்டாரத்தில் நடந்ததைச் சொல்கிறேன். நாலு ஏக்கர் நெல், பொதிப் பருவம். நடு வயலில் வட்ட வட்டமாகப் பயிர் பழுத்துக் காய்ந்திருக்கிறது. புகையான் என்று பார்த்தவுடனே அவருக்குத் தெரிந்துவிட்டது, அனுபவசாலிதான். ஆனால் மருந்துக்கு ஒரு வீடியோவைப் பார்த்தார். அதிலே ஒருவர் செயற்கை பைரித்ராய்டு வகை மருந்தைத் தெளிக்கிறார், அரை மணி நேரத்தில் பூச்சி எல்லாம் தண்ணீரில் விழுந்து மிதக்கிறது. கிட்டத்தில் வைத்துக் காட்டுகிறார்கள். லட்சக்கணக்கான பேர் பார்த்திருக்கிறார்கள். நம்மாள் அதே மருந்தை வாங்கி அடித்தார். அவர் வயலிலும் பூச்சி விழுந்தது. சந்தோஷமாக எனக்குப் போன் பண்ணிச் சொன்னார். மூன்றாவது வாரம் மறுபடியும் போன் வந்தது. "சார், முன்னே நாலு இடத்துல இருந்தது. இப்ப வயலே தீஞ்சு போன மாதிரி இருக்கு, கொஞ்சம் வந்து பாருங்க சார்" என்றார். நான் போய்ப் பார்த்தபோது ஒன்றரை ஏக்கர் வைக்கோலுக்குக்கூட ஆகாத நிலைமையில் இருந்தது.

ஏன் இப்படி ஆயிற்று? சைபர்மெத்ரின், டெல்டாமெத்ரின் போன்ற பைரித்ராய்டு மருந்துகள் பட்டவுடன் பூச்சியைக் கவிழ்த்துவிடும் என்பது உண்மைதான். ஆனால் அவை புகையானை மட்டும் கொல்லுவதில்லை. அதைத் தின்று கொண்டிருந்த சிலந்தியையும், மிரிட் என்கிற நாவாய்ப்பூச்சியையும் சேர்த்துக் கொன்றுவிடும். புகையானின் முட்டைகளோ இலையுறைக்கு உள்ளே பத்திரமாக இருக்கின்றன. அவை பொரித்து வெளியே வரும்போது வயலில் எதிரி ஒருவனும் கிடையாது. பிறகு கேட்பானேன்? இதனால்தான் புகையானுக்குப் பைரித்ராய்டு வகையைத் தெளிக்க வேண்டாம் என்று வேளாண்மைப் பல்கலைக்கழகம் பல வருஷமாகச் சொல்லி வருகிறது. சிலந்தி இல்லாத வயலில் தூருக்கு ஒரு பூச்சி, குத்துக்கு ஒரு சிலந்தி இருக்கிற வயலில் தூருக்கு இரண்டு பூச்சி, இந்த அளவைத் தாண்டினால்தான் மருந்தைப் பற்றியே யோசிக்க வேண்டும். அதற்கும் முன்னால் தண்ணீரை வடிக்க வேண்டும். நடும்போதே எட்டடிக்கு ஓரடி பட்டம் விட்டிருந்தால் இன்னும் நல்லது.

அந்த வீடியோ எடுத்தவர் பொய் சொன்னார் என்று நான் சொல்லமாட்டேன். பூச்சி விழுந்தது நிஜம், நம் கண்ணாலேயே பார்த்தோம். ஆனால் படம் பிடித்தது ஒரு அரை மணி நேரம். இருபது நாள் கழித்து அந்த வயல் எப்படி இருந்தது என்று யாரும் காட்டவில்லை. மருந்து தெளிக்காத ஒரு துண்டைப் பக்கத்தில் வைத்து இரண்டையும் ஒப்பிட்டும் காட்டவில்லை. ஆகவே எந்த வீடியோவைப் பார்த்தாலும் இந்த இரண்டையும் தேடிப் பாருங்கள். தெளித்தது, தெளிக்காதது இரண்டும் உண்டா? அறுவடை வரை காட்டுகிறார்களா?

பல்கலைக்கழகத்தில் ஒரு ரகம் வெளியிடுவதற்கு முன் எவ்வளவு பாடுபடுகிறார்கள் என்று பாருங்கள். ஆராய்ச்சி நிலையத்தில் சில வருஷம், பிறகு பல ஊர்களில் பல மண்ணில் திடல், அதன் பிறகு உங்களைப் போன்ற விவசாயிகளின் வயலிலேயே அனுசரணைத் திடல். ஒவ்வொரு இடத்திலும் பழைய ரகத்தைப் பக்கத்திலேயே நட்டு, இரண்டையும் அறுத்து, எடை போட்டுப் பார்க்கிறார்கள். ஒரு வருஷம் நன்றாக வந்தது என்பதற்காக வெளியிட்டுவிடுவதில்லை. மழை வருஷமும் வறட்சி வருஷமும் தாண்டி வர வேண்டும். ஒரு விஷயத்துக்கு அதிகாரம் இப்படித்தான் வருகிறது. எத்தனை பேர் பார்த்தார்கள், எத்தனை பேர் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார்கள் என்பதால் வருவது வேறே. அது திருவிழாக் கூட்டம் மாதிரி. கூட்டம் இருப்பதால் கடைச் சரக்கு நல்லதாகிவிடாது.

அடுத்தது தேதி. விதை அட்டையில் காலாவதி நாள் பார்க்கிறோம் அல்லவா? செய்திக்கும் காலாவதி உண்டு. எண்டோசல்பான் நமக்கெல்லாம் பழக்கமான மருந்து. 2011-ஆம் ஆண்டு மே மாதம் உச்ச நீதிமன்றம் அதற்குத் தடை போட்டது. போரேட் குருணை, டைகுளோர்வாஸ், டிரையசோபாஸ் ஆகியவை 2018-ஆம் ஆண்டு மத்திய அரசு போட்ட உத்தரவின்படி 2020 டிசம்பர் 31-ஆம் தேதியோடு நின்றுபோயின. ஆனால் இந்த மருந்துகளின் பெயரும் அளவும் பழைய புத்தகங்களில் இருக்கின்றன. அவற்றைப் பார்த்து எழுதிய இணையப் பக்கங்களிலும் இருக்கின்றன. நேற்று ஒரு தம்பி வாழைக்குப் போரேட் போடச் சொல்லும் பக்கத்தைக் காட்டி, "இன்னிக்கு காலையிலதான் வந்தது சார்" என்றார். அவருக்கு வந்தது இன்றைக்குத்தான், எழுதியது எந்தக் காலத்திலோ. கைக்கு வந்த நாளும் எழுதிய நாளும் ஒன்றல்ல. வீடியோவாக இருந்தால் தலைப்புக்குக் கீழே உள்ள எழுத்தைத் தொட்டால் ஏற்றிய தேதி தெரியும். பழைய வீடியோவையே எடுத்துப் புதிதாக ஏற்றுகிறவர்களும் இருப்பதால், அதை மட்டும் நம்பாமல், சொல்லுகிற மருந்து இன்றைக்குப் புழக்கத்தில் இருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். அரசாங்கப் பக்கமாக இருந்தாலும் பல்கலைக்கழகப் பக்கமாக இருந்தாலும் பல வருஷத்துக்கு முன் ஏற்றியவை அங்கேயும் உண்டு. இடம் நல்ல இடம் என்பதால் தேதி பார்க்காமல் விட்டுவிடக் கூடாது.

அளவு விஷயத்தில் நடக்கிற குழப்பம் இன்னும் பெரிது. ஆராய்ச்சி நிலையங்களின் கணக்கு எல்லாம் ஹெக்டேரில்தான். நம் கணக்கு ஏக்கர், தஞ்சைப் பக்கம் மா, குழி. ஒரு ஹெக்டேர் என்பது 2.47 ஏக்கர். அதோடு, 'தழைச்சத்து 100 கிலோ' என்று போட்டிருந்தால் அது யூரியா 100 கிலோ என்று அர்த்தம் இல்லை. யூரியாவில் தழைச்சத்து 46 சதவீதம்தான். ஆகவே ஹெக்டேருக்கு 100 கிலோ தழைச்சத்து என்றால் யூரியாவாக 217 கிலோ. ஏக்கருக்குக் கணக்குப் போட்டால் 88 கிலோ, அதாவது 45 கிலோ மூட்டை இரண்டுக்குக் கொஞ்சம் குறைச்சல். மாவுக்கு 29 கிலோ. இதை யாரோ ஒருவர் சுருக்கி 'யூரியா 217 கிலோ' என்று மட்டும் எழுதிப் பரப்பிவிட்டார் என்று வையுங்கள். ஏக்கர் என்று நினைத்துக்கொண்டு போட்டால் ஏறக்குறைய ஐந்து மூட்டை! பயிர் கருகருவென்று வரும், பார்க்க ஆசையாக இருக்கும். அதன் பின்னாலேயே இலைச்சுருட்டுப் புழு, குலைநோய், புகையான் மூன்றும் வரும். கடைசியில் காற்றடித்தால் படுத்துவிடும். வெளிநாட்டு வீடியோக்களில் காலன், அவுன்ஸ் என்று வேறு சொல்லுவார்கள். அந்தக் கணக்கு நமக்கு வேண்டவே வேண்டாம். அளவு சொல்லி, எந்தப் பரப்புக்கு, எவ்வளவு தண்ணீருக்கு என்று சொல்லாத செய்தியை அங்கேயே தள்ளிவிடுங்கள்.

செய்தியைச் சொல்லுகிறவருக்கு அதனால் என்ன வரும்படி என்பதையும் பார்க்க வேண்டும். இதைச் சொன்னால் சில கடைக்கார நண்பர்களுக்குக் கோபம் வரலாம். மருந்து விற்கிறவர் சொல்லுவதெல்லாம் பொய் என்று நான் சொல்லவில்லை. நல்ல யோசனை சொல்லி, "இதுக்கு மருந்தே வேணாம், போங்க" என்று திருப்பி அனுப்புகிற கடைக்காரர்களும் இருக்கிறார்கள். ஆனால் வீடியோ முழுக்க வேரைப் பற்றியும் மண்ணைப் பற்றியும் பேசிவிட்டு, கடைசி ஒரு நிமிஷத்தில் ஒரு டப்பாவைத் தூக்கிக் காட்டி, "கூரியரில் வீட்டுக்கே வந்துவிடும்" என்றால், அது விளம்பரம். விளம்பரத்தை விளம்பரமாகப் பார்த்தால் தொல்லை இல்லை. அந்த டப்பாவில் பதிவு எண் உண்டா, செய்த கம்பெனியின் முழு முகவரி உண்டா, பில் தருவார்களா என்று கேளுங்கள். உயிர் ஊக்கி என்று சொல்லி விற்கிற சரக்குகளையும் 2021-ஆம் ஆண்டில் உரக் கட்டுப்பாட்டு ஆணைக்குள் கொண்டுவந்துவிட்டார்கள். யார் வேண்டுமானாலும் எதை வேண்டுமானாலும் பாட்டிலில் அடைத்து விற்கலாம் என்ற காலம் இல்லை.

பூச்சிமருந்துக்கு நம் கையிலேயே ஒரு அட்டை இருக்கிறது. டப்பாவில் ஒட்டியிருக்கும் லேபிளும், கூடவே மடித்து வைத்திருக்கும் துண்டுத் தாளும்தான் அது. எந்தப் பயிருக்கு, எந்தப் பூச்சிக்கு, எவ்வளவு, தெளித்த பிறகு எத்தனை நாள் கழித்து அறுக்கலாம் என்று அதிலே இருக்கும். 1968-ஆம் ஆண்டின் பூச்சிக்கொல்லிச் சட்டப்படி, மத்தியப் பதிவுக் குழு சோதனை விவரங்களைப் பார்த்து ஒப்புக்கொண்ட பிறகு அச்சாகிற வாசகம் அது. சிவப்பு முக்கோணம் கடுமையான விஷம், அடுத்தடுத்து மஞ்சள், நீலம், பச்சை. வீடியோ ஒன்று சொல்லி லேபிள் வேறொன்று சொன்னால் லேபிள் சொல்லுவதைத்தான் கேட்க வேண்டும். அந்தத் தாளை நம்மில் எத்தனை பேர் பிரித்துப் படிக்கிறோம்? எழுத்து எறும்பு மாதிரி பொடிசாக இருக்கும் என்பது உண்மைதான். அதற்கும் செல்போன் உதவும். படம் எடுத்துப் பெரிசாக்கிப் படியுங்கள், அல்லது பள்ளிக்கூடம் போகிற பிள்ளையை விட்டுப் படிக்கச் சொல்லுங்கள்.

நாலைந்து மருந்தை ஒரே டாங்கில் கலந்து அடிக்கச் சொல்லும் செய்திகளும் நிறைய உலவுகின்றன. 2017-ஆம் ஆண்டு மகாராஷ்டிர மாநிலம் யவத்மால் மாவட்டத்தில் பருத்திக்கு மருந்து அடித்த விவசாயிகளும் கூலியாட்களும் 20 பேருக்கு மேல் விஷம் ஏறி இறந்துபோனார்கள். நூற்றுக்கணக்கான பேர் ஆஸ்பத்திரியில் கிடந்தார்கள். மருந்துகளைக் கண்டபடி கலந்ததும், முகத்துக்கும் கைக்கும் பாதுகாப்பு இல்லாமல் அடித்ததும் அதற்கான காரணங்களில் சேர்ந்தவை. பயிர் போனால் அடுத்த பட்டம் இருக்கிறது. அடிக்கிற ஆள் போனால்?

படத்தைப் பார்த்து ஏமாறுவது இன்னொரு வகை. 2020-ஆம் ஆண்டு மே மாதம் உங்களுக்கு நினைவிருக்கும். ராஜஸ்தான், மத்தியப் பிரதேசம் பக்கமெல்லாம் பாலைவன வெட்டுக்கிளி கூட்டம் கூட்டமாக இறங்கிய சமயம். வானமே மறைகிற மாதிரி படங்கள் நம் செல்போனிலும் வந்தன. அதே நாட்களில் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் நேரலகிரி கிராமத்தில் எருக்கஞ்செடி முழுக்க வெட்டுக்கிளி உட்கார்ந்திருப்பதைப் பார்த்து, "தமிழ்நாட்டுக்கும் வந்துவிட்டது" என்று செய்தி பரவியது. ஊர் ஊராகப் பீதி. வேளாண்மைத் துறையினரும் விஞ்ஞானிகளும் நேரில் போய்ப் பார்த்தபோது அது பாலைவன வெட்டுக்கிளி இல்லை, எருக்கைத் தின்னும் நம் உள்ளூர் வெட்டுக்கிளி என்று தெரிந்தது. படம் பொய்யில்லை, எருக்கஞ்செடியும் பொய்யில்லை. படத்துக்கு மேலே ஒட்டிய பெயர்தான் தப்பு. எருக்கு வெட்டுக்கிளி உடம்பில் நீலமும் மஞ்சளுமாகப் பட்டை பட்டையாக இருக்கும். பாலைவன வெட்டுக்கிளி இளசாக இருந்தால் ரோஜா நிறம், முற்றினால் மஞ்சள். ஆடுமாடு மேய்க்கிற பெரியவர் யாரையாவது கேட்டிருந்தால்கூட, "இது எருக்குல எப்பவும் இருக்கிறதுதானே" என்று சொல்லியிருப்பார். ஊரில் இருக்கிற அறிவைக் கேட்காமல் எங்கிருந்தோ வந்ததை முதலில் நம்பியதால் வந்த கலவரம் அது.

வானிலைச் செய்தியில் பணமே கைமாறிவிடுகிறது. ஒருவர் அறுப்புக்கு இன்னும் பத்து நாள் இருக்கும்போது, புயல் வருகிறது என்று ஒரு குரல் பதிவைக் கேட்டுப் பயந்து, அவசர அவசரமாக மிஷின் பிடித்துப் பச்சையாக அறுத்துவிட்டார். நேரடி கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 சதவீதம்தான் விதி. இவர் நெல்லோ கையில் பிடித்தால் பிசுபிசுக்கிறது. காய வைக்க இடமில்லை, வியாபாரி கேட்ட விலைக்குக் கொடுத்தார். அந்தப் புயல் வரவே இல்லை. இதிலே ஒரு சுலபமான சோதனை இருக்கிறது. வங்கக்கடலிலும் அரபிக்கடலிலும் உருவாகும் புயலுக்குப் பெயர் வைப்பது டெல்லியில் உள்ள இந்திய வானிலை ஆய்வுத் துறை. காற்றின் வேகம் மணிக்கு 62 கிலோமீட்டரைத் தொட்டுப் புயலாக மாறிய பிறகுதான் பெயரை அறிவிப்பார்கள். ஆனால் 13 நாடுகள் கொடுத்த பெயர்ப் பட்டியல் முன்கூட்டியே எல்லோருக்கும் தெரியும். அடுத்து வரவேண்டிய பெயரை எடுத்துப் போட்டு, "பத்து நாளில் இன்ன புயல் தாக்கும்" என்று எழுதுவது யாருக்கும் முடியும். பிறக்காத பிள்ளைக்குப் பெயர் வைத்தவன் சொல்லை நம்பி அரிவாளை எடுக்கலாமா? வானிலைத் துறையின் அறிக்கையையே பாருங்கள், வானொலியில் கேளுங்கள். அவர்கள் விடுகிற மேகதூத் செயலியில் உங்கள் மாவட்டத்து மழை நிலவரமும் பயிர் யோசனையும் தமிழிலேயே கிடைக்கின்றன.

அடுத்து, கையில் இருக்கிற காசுக்கே வேட்டு வைக்கிற செய்திகள். பி.எம். கிசான் திட்டத்தில் வருஷத்துக்கு 6000 ரூபாய், மூன்று தவணையாக வருகிறது. அந்தப் பெயரைச் சொல்லி, "உங்கள் தவணை நின்றுவிட்டது, இதைத் தொட்டுச் சரி செய்யுங்கள்" என்று வாட்ஸ்அப்பில் ஏ.பி.கே. என்று முடியும் ஒரு கோப்பு வரும். தொட்டால் செல்போனுக்குள் திருடன் புகுந்துவிடுவான். அரசாங்கம் எந்தச் செயலியையும் வாட்ஸ்அப்பில் அனுப்பி ஏற்றச் சொல்லுவதில்லை. இணைய முகவரியாக வந்தால் அதன் வாலைப் பாருங்கள். அரசு முகவரி 'கவ் டாட் இன்' என்று முடியும். அது அரசு அலுவலகங்களுக்கு மட்டுமே கொடுக்கப்படுவது. பல்கலைக்கழகம், கல்லூரி என்றால் 'ஏ.சி. டாட் இன்'. 'டாட் காம்' போன்றவற்றைக் காசு கொடுத்து யாரும் வாங்கலாம். ஏமாற்றுக்காரன் முகவரியின் நடுவில் கிசான், கவ் என்றெல்லாம் போட்டுவிட்டு வாலில் வேறே எதையோ வைத்திருப்பான். பஸ் பலகையில் வழியில் உள்ள ஊர் எல்லாம் எழுதியிருந்தாலும் கடைசியில் போட்டிருக்கிற ஊருக்குத்தானே பஸ் போய் நிற்கும்? அப்படித்தான். ஒருவேளை பணம் போய்விட்டால் வெட்கப்பட்டுக்கொண்டு வீட்டில் உட்காராதீர்கள், உடனே 1930 என்ற எண்ணுக்குப் போன் செய்யுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்லுகிறீர்களோ, அவ்வளவுக்குப் பணத்தை நிறுத்தி வைக்க வழி உண்டு.

இப்போது செயற்கை நுண்ணறிவு என்று ஒன்று வந்திருக்கிறது. வாயால் கேட்டாலே தமிழில் பதில் சொல்லுகிறது. என் மகள் அதிலேதான் பாடம் கேட்கிறாள். அது கெட்டிக்கார இயந்திரம், சந்தேகமில்லை. ஆனால் அது வயலுக்கு வந்து பார்த்ததில்லை. மற்றவர்கள் எழுதி வைத்ததை எல்லாம் படித்து, அதிலிருந்து ஒரு பதிலைக் கோத்துத் தருகிறது. சரியான அளவையும் தவறான அளவையும் ஒரே மாதிரி தைரியத்தோடு சொல்லும், குரலில் தயக்கம் தெரியாது. நோயின் பெயர், காரணம் இவற்றைப் புரிந்துகொள்ள அதைக் கேளுங்கள், தப்பில்லை. மருந்து, அளவு என்று வரும்போது லேபிளையும் ஆளையும் கேட்காமல் அடிக்க வேண்டாம்.

நான் அரசாங்க வேலையில் இருப்பதால் அரசாங்கம் சொல்லுவதே வேதவாக்கு என்று பேசுவதாக நினைக்க வேண்டாம். பக்கத்து ஊர் விவசாயி தன் வயலில் செய்ததைத் தன் முகத்தைக் காட்டி, ஊர் பெயர் சொல்லி, "மூணு வருஷமா செய்யிறேன், ஒரு வருஷம் சரியா வரலை" என்று சொன்னால், அந்த வீடியோவை நான் மதிப்பேன். சரியாக வராத வருஷத்தையும் சொல்லுகிறார் பாருங்கள், அங்கேதான் நம்பிக்கை வருகிறது. அவரிடம் உங்கள் மண் என்ன, ஆற்றுப் பாசனமா போர் தண்ணீரா, எந்தப் பட்டம் என்று கேட்டு, உங்கள் நிலத்துக்கு ஒத்து வந்தால் பத்து சென்டில் மட்டும் செய்து பாருங்கள். பக்கத்திலேயே பத்து சென்டை வழக்கம்போல விட்டு வையுங்கள். அறுத்துத் தனித்தனியாக எடை போடுங்கள். பத்து சென்டில் நஷ்டம் வந்தால் தாங்கிக்கொள்ளலாம். பதிவில்லாத மருந்தை மட்டும் இப்படிச் சோதித்துப் பார்க்கும் விளையாட்டு வேண்டாம்.

சந்தேகம் வந்தால் யாரைக் கேட்பது? கிசான் கால் சென்டர் எண் 1800-180-1551. காலை 6 மணி முதல் இரவு 10 மணி வரை தமிழில் பேசலாம், காசு கிடையாது. தமிழ்நாடு அரசின் உழவன் செயலி இருக்கிறது. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் இணையப் பக்கம் தமிழிலும் உண்டு. உங்கள் மாவட்டத்து வேளாண் அறிவியல் நிலையம், வட்டார வேளாண்மை விரிவாக்க மையம் இரண்டுக்கும் நேரில் போகலாம். ஒரே இடத்தில் கேட்டதோடு விடாமல் இரண்டு இடத்தில் கேளுங்கள். இரண்டு பேரும் ஒன்றாகச் சொன்னால் சரி. வேறு வேறாகச் சொன்னால், "ஏன் சார், அவர் இப்படிச் சொன்னாரே?" என்று எங்களிடமே திருப்பிக் கேளுங்கள். யாரும் கோபித்துக்கொள்ள மாட்டோம்.

கடைசியாக ஒரு விஷயம். எங்களுக்குப் படம் அனுப்பும்போது எப்படி அனுப்ப வேண்டும் என்று சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அரைகுறைப் படத்துக்கு அரைகுறை பதில்தான் வரும். முழு வயலும் தெரிகிற மாதிரி ஒன்று, ஒரு செடி வேரோடு ஒன்று, இலையின் மேல்பக்கம் ஒன்று, அடிப்பக்கம் ஒன்று, ஆக நாலு படம் வேண்டும். வெயில் உச்சியில் இருக்கும்போது எடுத்தால் வெளுத்துப்போகும், காலையில் எடுங்கள். பூச்சி என்றால் உள்ளங்கையிலோ வெள்ளைத் தாளிலோ வைத்துக் கிட்டத்தில் எடுக்க வேண்டும். மக்காச்சோளப் படைப்புழுவானால் தலையில் தலைகீழ் ஒய் எழுத்து மாதிரி ஒரு கோடும், வால் பக்கம் சதுரமாக நாலு கரும்புள்ளியும் இருக்கும். அந்தப் புள்ளி தெரிகிற மாதிரி படம் இருந்தால் எங்களுக்குப் பாதி வேலை முடிந்தது. படத்தோடு கூட என்ன ரகம், என்றைக்கு விதைத்தது, கடைசியாக என்ன உரம் எவ்வளவு போட்டீர்கள், ஏற்கெனவே என்ன மருந்து அடித்தீர்கள் என்பதையும் ஒரு நிமிஷம் பேசி அனுப்புங்கள். அடித்த மருந்தை மறைக்காமல் சொல்லுங்கள். அதன் லேபிளையும் ஒரு படம் எடுத்துச் சேர்த்துவிட்டால் இன்னும் உத்தமம்.